கார் ஸ்டார்ட் ஆனால் மட்டும் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

குளிர்காலத்துக்குக் காரைத் தயார்செய்வது பற்றி உங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். இப்படி ஒரு விஷயத்துக்குத் தமிழ்ப் பத்திரிகை ஒன்று அரைப் பக்கம் ஒதுக்கியதே நல்ல காரியம், அதற்கு முதலில் நன்றி. ஆனால் கட்டுரையில் முக்கால்வாசி பேட்டரி பற்றியும், காலையில் என்ஜினை எப்படிச் சூடுபண்ணுவது என்பது பற்றியும்தான் இருந்தது. டயருக்கு ஒரே ஒரு வரி. அதுவும் எல்லாப் பருவத்துக்குமான டயர் போட்டிருந்தால் கவலைப்பட வேண்டாம் என்று. அந்த வரியைப் படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை, அதனால்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

குளிர்காலம் என்றதும் நம்மில் பலருக்கு வரும் முதல் பயம், காலையில் கார் ஸ்டார்ட் ஆகுமா ஆகாதா என்பது. நியாயமான பயம்தான், வேலைக்குப் போக வேண்டும், பிள்ளையைப் பள்ளியில் விட வேண்டும். ஆனால் கார் ஸ்டார்ட் ஆகாவிட்டால் என்ன நடக்கும்? வாசலிலேயே நிற்கும், நாம் தாமதமாகப் போவோம், யாரையாவது உதவிக்குக் கூப்பிடுவோம், அவ்வளவுதான். ஸ்டார்ட் ஆகி, சாலைக்குப் போய், எண்பது கிலோமீட்டர் வேகத்தில் போய்க்கொண்டிருக்கும்போது பிரேக்கை மிதித்தும் வண்டி நிற்காமல் போனால்? முன்கண்ணாடி முழுக்க, பனியை உருக்கச் சாலையில் தூவும் உப்பு கரைந்த தண்ணீரும் சேறும் அப்பியிருக்கிறது, வாஷரை அழுத்தினால் ஒரு சொட்டும் வரவில்லை என்றால்? உயிருக்கு ஆபத்து வருவது அங்கேதான். அதனால் முதலில் வண்டி நிற்பதற்கு வேண்டியதைப் பாருங்கள், அடுத்து ஓட்டுகிறவர் கண்ணுக்குச் சாலை தெரிவதற்கு வேண்டியதை. ஸ்டார்ட் ஆவதற்கு வேண்டியது அதற்கும் பிறகுதான். பெரும்பாலானோர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள், உங்கள் கட்டுரையும் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தது.

சரி, டயருக்கு வருகிறேன். சாதாரணக் கோடை டயரின் ரப்பர் சுமார் 7 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போனதுமே இறுகத் தொடங்கும். இதற்குப் பனி விழ வேண்டும் என்பதே இல்லை, காய்ந்த தார்ச்சாலையிலேயே பிடிப்பு குறையும். டயர் சாலையைப் பற்றிக்கொள்வது, ரப்பர் அமுங்கிச் சாலையின் சொரசொரப்புக்குள் இறங்குவதால்தான். இறுகிப்போன ரப்பர் அப்படி இறங்காது, மேலோடு வழுக்கிக்கொண்டே போகும். குளிர்கால டயரின் ரப்பர் கலவையே வேறு, கடுங்குளிரிலும் இளக்கம் போகாத மாதிரி செய்தது. அதோடு அதன் மேல்பரப்பு முழுக்க நெருக்கமாக மெல்லிய கீறல்கள் வெட்டியிருப்பார்கள். டயர் உருளும்போது அந்தக் கீறல்கள் வாய் திறந்து பனியைக் கவ்வும், பெரிய பள்ளங்களில் அடைந்த பனி சாலையில் கிடக்கும் பனியோடு சேர்ந்து பிடிக்கும். இத்தனைக்கும் ஒரு டயர் சாலையைத் தொடும் இடம் ஏறக்குறைய ஒரு உள்ளங்கை அகலம்தான். ஒன்றரை டன் எடையை அந்த நாலு உள்ளங்கைகள்தான் நிறுத்த வேண்டும்.

எல்லாப் பருவ டயர் என்பது இரண்டுக்கும் நடுவில் செய்துகொண்ட ஒரு சமரசம். லேசான குளிர், எப்போதாவது ஒரு நாள் பனி, அதுவும் உடனே கூட்டிவிடுகிற சாலை என்றால் அது போதலாம், மறுக்கவில்லை. ஆனால் மாதக்கணக்கில் வெப்பநிலை பூஜ்யத்துக்குக் கீழேயே இருக்கும் இடத்தில், பனி இறுகி ஐஸாகிக் கிடக்கும் தெருக்களில் கவலைப்பட வேண்டாம் என்று பொத்தாம்பொதுவாகச் சொல்வது தவறு. படித்துவிட்டு ஒருவர் நிம்மதியாக இருந்துவிடுவார் என்பதுதான் என் வருத்தம்.

உங்கள் டயர் எந்த ரகம் என்று தெரியவில்லையா? கடைக்குப் போக வேண்டியதில்லை. ஒரு டார்ச்சை எடுத்துக்கொண்டு டயர் பக்கத்தில் குந்தி உட்காருங்கள், பக்கச்சுவரில் ஒட்டியிருக்கும் தூசியை ஒரு ஈரத்துணியால் துடையுங்கள். மூன்று சிகரம் உள்ள ஒரு மலையும் அதன் நடுவில் ஒரு பனிப்பூவும் சின்னதாகப் பொறித்திருந்தால், பனியில் சோதித்துக் குறைந்தபட்சப் பிடிப்பைத் தாண்டிய டயர் என்று பொருள். வெறும் எம், எஸ் என்ற இரண்டு எழுத்துகள் மட்டும் இருந்தால் அது சேற்றுக்கும் பனிக்கும் ஏற்றது என்று தயாரிப்பாளர் தாமே போட்டுக்கொள்வது, அதற்கு அந்தச் சோதனை தேவையில்லை. ஜெர்மனியில் 2024 அக்டோபரிலிருந்து குளிர்காலச் சாலைக்கு அந்த இரண்டு எழுத்து மட்டும் செல்லாது, மலைக்குறி இருந்தால்தான் சட்டப்படி குளிர்கால டயர். கனடாவின் கியூபெக் மாகாணத்தில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை குளிர்கால டயர் கட்டாயம். இதற்கெல்லாம் சட்டம் போடுகிறார்கள் என்றால் காரணம் இல்லாமல் இல்லை. ஒரு விஷயம் மட்டும் சேர்த்துச் சொல்கிறேன், அந்த மலைக்குறிச் சோதனை பனியில் நடப்பது, வழுவழு ஐஸில் அல்ல. அதனால் குறியைப் பார்த்ததும் ஐஸிலும் பிடிக்கும் என்று நம்பிவிட வேண்டாம்.

அப்படியே குந்தியிருக்கும்போதே இன்னும் இரண்டைப் பார்த்துவிடலாம். டாட் (DOT) என்று தொடங்கும் எழுத்து வரிசையின் கடைசியில் நாலு இலக்கம் இருக்கும், 3521 என்றால் 2021-ஆம் ஆண்டின் 35-ஆவது வாரத்தில் செய்தது. பள்ளம் நன்றாக இருக்கிறதே என்று பத்து வருடப் பழைய டயரை மாட்டுகிறவர்கள் இருக்கிறார்கள், ரப்பர் வயதாக வயதாக இறுகும், வெடிப்பு விடும், குளிர்கால டயரின் முழுப் பயனும் அந்த இளக்கத்தில்தான் இருக்கிறது. அப்புறம் பள்ளத்தின் ஆழம். பல நாடுகளில் சட்டப்படி 1.6 மில்லிமீட்டர் போதும், ஆனால் அந்த ஆழத்தில் பனியை வெளியே தள்ளுவதற்கு இடமே இருக்காது. 4 மில்லிமீட்டருக்குக் கீழே போனால் அந்தக் குளிர்காலத்துக்கு மாற்றிவிட வேண்டும் என்பது பொதுவான கணக்கு, ஆஸ்திரியாவில் குளிர்கால டயருக்குச் சட்டமே 4 மில்லிமீட்டர்தான்.

செலவு மிச்சம் பண்ண இரண்டே டயர் மாற்றுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. தயவுசெய்து வேண்டாம். முன்சக்கரம் இழுக்கும் காருக்கு முன்னால் மட்டும் குளிர்கால டயர் போட்டால், முன்பக்கம் சாலையைப் பிடித்துக்கொள்ளும், வளைவில் பின்பக்கம் விட்டுவிடும், வண்டி அப்படியே சுற்றிப் போகும். பின்னால் மட்டும் போட்டால் ஸ்டியரிங்கைத் திருப்பினாலும் வண்டி நேராகவே போகும். நாலும் ஒரே ரகமாக இருக்க வேண்டும். நாலு சக்கரத்துக்கும் விசை போகும் வண்டி வைத்திருப்பவர்கள் தங்களுக்கு இது தேவையில்லை என்று நினைக்கிறார்கள். அந்த வசதி வண்டியைக் கிளப்பவும் மேட்டில் ஏற்றவும் உதவும், உண்மை. ஆனால் எல்லாக் காரிலும் நாலு சக்கரத்துக்கும் பிரேக் உண்டு, நிற்பதில் அவர்களுக்குக் கூடுதலாக எதுவும் கிடைப்பதில்லை. சுலபமாகக் கிளம்பிவிடுவதால் சாலை எவ்வளவு வழுக்குகிறது என்பதே அவர்களுக்குத் தெரியாமல் போய்விடுகிறது, அதுதான் பெரிய ஆபத்து.

காற்று. வெப்பநிலை ஐந்தாறு டிகிரி இறங்கினால் டயரின் காற்றழுத்தம் சுமார் ஒரு பிஎஸ்ஐ குறையும். 20 டிகிரியில் 35 பிஎஸ்ஐ அடித்து வைத்த டயர், மைனஸ் 10 டிகிரி காலையில் 30 பக்கம் வந்துவிடும், ஓட்டை எதுவும் இல்லாமலேயே. டேஷ்போர்டில் மஞ்சள் விளக்கு எரிவது பெரும்பாலும் இதனால்தான். வண்டியை ஓட்டுவதற்கு முன், டயர் குளிர்ந்திருக்கும்போதே அளந்து, கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும் அளவுக்குச் சரியாக அடியுங்கள். காற்றைக் குறைத்தால் பனியில் பிடிப்பு கூடும் என்று சிலர் வேண்டுமென்றே குறைக்கிறார்கள், சாதாரணச் சாலையில் அது கையாளுதலையும் பிரேக்கையும் கெடுக்கும், டயரும் ஓரங்களில் தேயும். டயர் மாற்றிய பிறகு ஐம்பது நூறு கிலோமீட்டர் ஓடியதும் சக்கர நட்டுகளை மறுபடி சரியான முறுக்கத்துக்கு இறுக்கிப் பார்க்க வேண்டும், இதை நிறையப் பேர் விட்டுவிடுகிறார்கள். மலைப்பாதையில் போகிறவர்கள் பனியில் பிடிப்புக்காக டயரில் மாட்டும் சங்கிலி வைத்திருந்தால், அதை ஒருமுறை வீட்டு வாசலில் வெளிச்சத்திலேயே மாட்டிக் கழற்றிப் பழகிக்கொள்ளுங்கள். இருட்டில், விரல் மரத்துப்போன நிலையில் முதல்தடவையாகக் கையேட்டைப் படித்துக்கொண்டு நிற்கக் கூடாது.

அடுத்தது பார்வை. இதில் ஒன்றை மட்டும் விரிவாகச் சொல்ல வேண்டும், வாஷர் திரவம். கோடையில் ஊற்றிய திரவமோ வெறும் தண்ணீரோ தொட்டியில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நெடுஞ்சாலையில் ஒரு லாரிக்குப் பின்னால் போகிறோம், அது சாலையில் உருகிக் கிடக்கும் உப்புச்சேற்றை வாரி நம் கண்ணாடியில் அடிக்கிறது. வைப்பரைப் போட்டால் சேறு இரண்டு பக்கமும் சாம்பல் நிறத்தில் இழுபடுகிறது, இன்னும் மோசம். வாஷர் பொத்தானை அழுத்துகிறோம். ஒன்று, குழாய் உறைந்து போய் மோட்டார் சத்தம் மட்டும் வரும். இல்லையென்றால் திரவம் வந்து கண்ணாடியில் பரவும், அதன்மேல் குளிர்காற்று அடித்ததும் நம் கண்ணெதிரேயே வெள்ளையாக உறைந்து போகும். எதிரே என்ன வருகிறது என்று தெரியாது, பின்னால் வண்டிகள் வந்துகொண்டிருக்கும், ஓரம் எங்கே இருக்கிறது என்றும் தெரியாது. நூறு கிலோமீட்டர் வேகத்தில் ஒரு விநாடிக்கு 28 மீட்டர் கடக்கிறோம், அதைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள்.

இதைத் தவிர்ப்பதற்கு ஆகும் வேலை பத்து நிமிடம் கூட இல்லை. குளிர் தொடங்கும் முன் தொட்டியில் இருப்பதை அடித்து அடித்துத் தீர்த்துவிட்டு, உங்கள் ஊரின் கடுங்குளிருக்கும் கீழே உறைநிலை உள்ள திரவத்தை ஊற்றுங்கள், மைனஸ் 40 வரை தாங்கும் ரகம் கூட உண்டு. ஊற்றிய பிறகும் நன்றாக நாலைந்து தடவை அடித்துவிட வேண்டும். தொட்டியில் புதுசு இருந்தாலும் குழாயிலும் மூக்கிலும் பழசு நின்றுகொண்டிருக்கும், உறைவது அதுதான். டிக்கியில் இன்னொரு கேன் இருக்கட்டும், மோசமான நாளில் ஒரே பயணத்தில் தொட்டி காலியாகும். பழைய திரவத்தோடு புதியதைக் கலந்து நிரப்பினால் உறைநிலை மேலே ஏறிவிடும் என்பதையும் மறக்க வேண்டாம்.

வைப்பர் பிளேடு கோடு கோடாக விட்டால் மாற்றிவிடுங்கள். உறைந்து ஒட்டியிருக்கும்போது சுவிட்சைப் போடக் கூடாது, ரப்பர் கிழியும் அல்லது மோட்டார் போகும், ராத்திரி நிறுத்தும்போதே வைப்பரை அணைத்துவிட்டு இறங்கினால் காலையில் அது தானாக இழுக்காது. கண்ணாடியில் ஐஸ் என்று வெந்நீர் ஊற்றுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். திடீர்ச் சூட்டில் கண்ணாடி விரிசல் விடும், வழிந்த தண்ணீர் கீழே போய் மறுபடி ஐஸாகும். சுரண்டியும் ஐஸ் கரைக்கும் ஸ்பிரேயும் போதும்.

உள்பக்கம் ஆவி படிவதற்கு மருந்து ஹீட்டர் மட்டும் அல்ல, ஏசியும்தான். குளிரில் எதற்கு ஏசி என்று கேட்பார்கள். ஏசி காற்றில் உள்ள ஈரத்தை எடுத்துவிடுகிறது, ஹீட்டர் அந்தக் காய்ந்த காற்றைச் சூடாக்கிக் கண்ணாடியில் விடுகிறது, இரண்டும் சேர்ந்தால் கண்ணாடி சட்டென்று தெளியும். உள்காற்றே சுற்றும் பொத்தானை அணைத்து வெளிக்காற்றை விடுங்கள், இல்லையென்றால் நாம் விடும் மூச்சே கண்ணாடியில் வந்து படியும். கால்மிதியில் உருகி நிற்கும் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். உள்கண்ணாடியை நன்றாகத் துடைத்து வைத்தால் ஆவியும் குறைவாகப் படியும், எதிர்விளக்கின் கூச்சமும் குறையும்.

பனியைக் கூட்டும்போது முன்கண்ணாடிப் பனியில் ஒரு சின்ன ஓட்டை மட்டும் போட்டுக்கொண்டு புறப்படுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு உண்மையிலேயே கோபம் வரும். கூரையில் கிடக்கும் பனியையும் முழுசாகத் தள்ள வேண்டும். உள்ளே சூடேறியதும் அது அடியில் இளகும், பிரேக் அடித்தால் முழுப் பாளமும் சரிந்து நம் முன்கண்ணாடியை மூடும், வேகமாகப் போனால் பறந்து பின்னால் வருகிறவரின் கண்ணாடியில் விழும். விளக்குகளையும் துடையுங்கள். பழைய ஹாலஜன் விளக்கின் சூடு பனியை ஓரளவு உருக்கிவிடும், எல்இடி விளக்கின் முன்பக்கம் அவ்வளவு சூடாவதில்லை, பனி அப்படியே ஒட்டிக்கொண்டிருக்கும். பகலில் தானாக எரியும் முன்விளக்கை நம்பி ஓட்டாதீர்கள், பல கார்களில் அப்போது பின்விளக்கு எரியாது. பனி பெய்யும்போது நாமே கையால் விளக்கைப் போட வேண்டும்.

இனி உங்கள் கட்டுரை பேசிய விஷயங்கள். பேட்டரி பற்றி எழுதியிருந்தது பெரும்பாலும் சரி. மைனஸ் 18 டிகிரி வாக்கில் அதன் சக்தி பாதி அளவுக்குக் குறைந்துவிடும், அதே நேரத்தில் எண்ணெய் இறுகியிருப்பதால் என்ஜினைச் சுழற்றக் கூடுதல் சக்தி வேண்டும். விட்டுப்போனது என்னவென்றால், பேட்டரியை உள்ளுக்குள் கெடுப்பது பெரும்பாலும் கோடையின் சூடு, குளிர்காலம் அதைக் காட்டிக்கொடுக்கிறது. அதனால் மூன்று நாலு வருடம் ஆன பேட்டரி என்றால் இலையுதிர் காலத்திலேயே சோதித்துவிடுங்கள். ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் 12.6 வோல்ட் இருந்தால் நிறைவு, 12.2 என்றால் பாதிதான் இருக்கிறது. பாதிக்கும் கீழே இறங்கிய பேட்டரி உறையவும் செய்யும், நிறைவாக இருப்பது சாதாரணக் குளிரில் உறையாது. பெட்டி உப்பியிருந்தால், உறைந்துவிட்டது என்று சந்தேகம் வந்தால், ஜம்பர் கேபிள் மாட்டவே கூடாது, வெடிக்கும். மற்றபடி சிவப்புக் கம்பியின் இரண்டு நுனிகளை இரண்டு பேட்டரியின் பிளஸ் முனையிலும், கறுப்பின் ஒரு நுனியை நல்ல பேட்டரியின் மைனஸிலும் மாட்டி, அதன் மறுநுனியை மட்டும் இறந்துபோன பேட்டரியில் மாட்டாமல் அந்த வண்டியின் என்ஜினில் பெயின்ட் இல்லாத ஓர் உலோக இடத்தில் மாட்ட வேண்டும். தீப்பொறி வந்தால் அது பேட்டரியின் வாயுவுக்குத் தள்ளி வரட்டும் என்பதற்காக.

என்ஜினின் சூட்டைத் தணிக்கும் திரவமான கூலன்ட் விஷயத்தில் ஒரு தப்பான நம்பிக்கை பரவலாக இருக்கிறது. தண்ணீரே கலக்காமல் அடர்த்தியாக ஊற்றினால் குளிரை இன்னும் நன்றாகத் தாங்கும் என்று. நேர்மாறு. கூலன்ட்டின் மூலப்பொருளான எத்திலீன் கிளைக்காலும் தண்ணீரும் பாதிக்குப் பாதி கலந்தால் சுமார் மைனஸ் 37 டிகிரி வரை உறையாது, தனி எத்திலீன் கிளைக்கால் மைனஸ் 13 பக்கத்திலேயே உறைந்துவிடும். வாங்கும்போது ஏற்கெனவே கலந்ததா, கலக்க வேண்டியதா என்று டப்பாவைப் பார்த்து வாங்குங்கள். நிறத்தைப் பார்த்து ரகத்தை முடிவுசெய்யாதீர்கள், ஆளுக்கொரு நிறம் போடுகிறார்கள், காரின் கையேட்டில் உள்ளதுதான் கணக்கு. கோடையில் குறைந்தபோதெல்லாம் தண்ணீரை மட்டும் ஊற்றி வந்த வண்டி என்றால் கட்டாயம் மெக்கானிக்கிடம் அளந்து பார்க்கச் சொல்லுங்கள். தண்ணீர் உறையும்போது கொள்ளளவு சுமார் 9 சதவீதம் கூடும், என்ஜின் பிளாக்கையே பிளந்துவிடும். இன்னொன்று, கூலன்ட் இனிக்கும், ஆனால் கொடிய விஷம். தரையில் சிந்தியதை நாயோ பூனையோ நக்கினால் பிழைப்பது கஷ்டம், குழந்தைகள் கைக்கு எட்டக் கூடாது.

என்ஜின் எண்ணெய் டப்பாவில் டபிள்யூ என்ற எழுத்துக்கு முன்னால் உள்ள எண் சிறியதாக இருந்தால் குளிரில் இளகி ஓடும், 0டபிள்யூ கடுங்குளிருக்கு 5டபிள்யூவை விட நல்லது, ஆனால் கையேடு அனுமதிப்பதையே ஊற்ற வேண்டும். டீசல் வண்டிக்காரர்கள் கவனிக்க வேண்டியது வேறு. டீசலில் மெழுகு இருக்கிறது, குளிரில் அது திரண்டு ஃபில்டரை அடைக்கும். குளிர்காலத்தில் பெட்ரோல் பங்க்குகளில் அதற்கென்றே தயாரித்த டீசல்தான் வரும், ஆனால் இதமான பகுதியில் டேங்க்கை நிரப்பிக்கொண்டு மலைக்குப் போய் ராத்திரி நிறுத்தினால் காலையில் வண்டி அசையாது. போகுமிடத்தில் நிரப்பும் அளவுக்கு டேங்க்கில் இடம் வைத்துக்கொண்டு போவது நல்லது. பழைய காலத்து யோசனையாக டீசலில் பெட்ரோல் கலக்க வேண்டாம், இன்றைய பம்பும் இன்ஜெக்டரும் கெட்டுப்போகும்.

என்ஜினைச் சூடாக்கக் கால்மணி நேரம் நின்ற இடத்திலேயே ஓடவிடுங்கள் என்று எழுதியிருந்தீர்கள். இன்றைய கார்களுக்கு அது தேவையில்லை. கண்ணாடியைச் சுத்தம் செய்வதற்குள் ஓடும் நேரமே போதும், அப்புறம் முதல் சில கிலோமீட்டர் முடுக்காமல் மெதுவாக ஓட்டினால் அதுவே சீக்கிரம் சூடாகும். ஆனால் இதைவிட முக்கியமானது, கேரேஜுக்குள் ஒருபோதும் ஓடவிடக் கூடாது, கதவைத் திறந்து வைத்திருந்தாலும் கூட. கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை மணமும் இல்லை, வீட்டுக்குள்ளும் வந்துவிடும். உங்கள் கட்டுரையில் இது இல்லாதது எனக்குப் பெரிய குறையாகப் பட்டது.

மின்சாரக் கார் பற்றியும் ஒரு வார்த்தை இல்லை, இன்று எத்தனையோ பேர் அதைத்தான் ஓட்டுகிறார்கள். பெட்ரோல் காரில் என்ஜின் வீணாக்கும் சூடே நமக்கு ஹீட்டர், இதில் அந்தச் சூடும் பேட்டரியிலிருந்துதான் வர வேண்டும். கடுங்குளிரில் ஓடும் தூரம் மூன்றில் ஒரு பங்கு குறைந்தால் ஆச்சரியப்படாதீர்கள். சார்ஜரில் மாட்டியிருக்கும்போதே வண்டியைச் சூடாக்கிவிட்டுப் புறப்பட்டால் அந்தச் செலவு பேட்டரிக்கு இல்லை. உள்காற்று முழுவதையும் சூடாக்குவதைவிட இருக்கை ஹீட்டர் சிக்கனம். வேகச் சார்ஜருக்குப் போகும்போது வண்டியின் வழிகாட்டியில் அந்த இடத்தைப் போட்டுவிட்டால், பல கார்கள் போகும் வழியிலேயே பேட்டரியைச் சூடாக்கித் தயார்செய்துவிடும், இல்லையென்றால் சார்ஜ் நத்தை வேகத்தில் ஏறும். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததும் வண்டியே பிரேக் பிடிக்கும் வசதியை வழுக்கும் சாலையில் குறைத்து வையுங்கள். இதிலும் ஒரு சின்ன 12 வோல்ட் பேட்டரி இருக்கிறது, அது போனால் பெரிய பேட்டரி நிறைந்திருந்தும் வண்டி எழுந்திருக்காது.

கதவு ரப்பரில் சிலிக்கான் தடவினால் உறைந்து ஒட்டாது. ஈரமான வண்டியைக் கடுங்குளிரில் நிறுத்தும்போது சமதளம் என்றால் கியரில் போட்டு நிறுத்துங்கள், கேபிள் உள்ள ஹேண்ட் பிரேக் உறைந்து பிடித்துக்கொள்ளும். சாலையில் தூவும் உப்பு அடிப்பாகத்தை அரிக்கும், அதனால் குளிர் கொஞ்சம் தணியும் நாட்களில் அடியோடு கழுவ வேண்டும்.

டிக்கியில் என்ன வைப்பது என்று நீங்கள் கொடுத்த பட்டியல் நன்றாகவே இருந்தது, மண்வெட்டி, மணல், போர்வை, டார்ச், முக்கோணப் பலகை எல்லாம் சரி. ஒன்றைச் சேர்க்க வேண்டும். பனியில் மாட்டிக்கொண்டு உள்ளேயே காத்திருக்க நேர்ந்தால், மண்வெட்டியின் முதல் வேலை சைலன்சர் குழாயைச் சுற்றியுள்ள பனியை அகற்றுவது. அது அடைபட்டால் புகை உள்ளே வரும். சூட்டுக்காக ஒரு மணி நேரத்துக்குப் பத்து நிமிடம் மட்டும் என்ஜினை ஓட்டி, காற்று அடிக்காத பக்கத்து ஜன்னலைக் கொஞ்சம் இறக்கி வையுங்கள், குழாயை அவ்வப்போது இறங்கிப் பாருங்கள். டேங்க் எப்போதும் பாதிக்கு மேல் இருக்கட்டும் என்று சொல்வது இதற்காகத்தான்.

குழந்தைகள் விஷயம் ஒன்று. தடித்த குளிர்க்கோட்டோடு குழந்தையைக் கார் இருக்கையில் வைத்து வார் மாட்டினால் இறுக்கமாக இருப்பதுபோல் தெரியும், மோதலில் கோட்டின் பஞ்சு நசுங்கிவிடும், வார் தொளதொளவென்று ஆகிக் குழந்தை நழுவிவிடும். கோட்டைக் கழற்றி வாரை மாட்டி, அதன்மேல் போர்வையைப் போர்த்துங்கள். பெற்றோர் யாரிடம் பேசினாலும் இதை நான் சொல்லாமல் விடுவதில்லை.

ஆசிரியரிடம் என் கோரிக்கை இரண்டு. டயர் பற்றிய அந்த ஒரு வரியைத் திருத்தி, மலைக்குறி எப்படி இருக்கும் என்று ஒரு சின்னப் படத்தோடு வெளியிடுங்கள். அடுத்த ஆண்டு இந்தக் கட்டுரையை முதல் பனி விழுந்த வாரத்தில் போடாமல், காலை வெப்பநிலை 7 டிகிரியைத் தொடும் முன்பே போடுங்கள். பனி விழுந்த மறுநாள் டயர் கடைகளில் எல்லாரும் ஒரே நேரத்தில் போய் நிற்பார்கள், பல அளவுகள் தீர்ந்து போயிருக்கும், வாசகர் படித்தும் ஒன்றும் செய்ய முடியாது.

இப்படிக்கு,
உங்கள் நீண்டநாள் வாசகர்